காரோட உயரத்தை இறக்கிட்டீங்களா? அட்ஜஸ்டபிள் பேனார்டு ராடு வாங்கறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க

ஏற்காட்டுல இருந்து இறங்கி வர்றப்ப இடது பக்கம் திரும்பற ஹேர்பின்ல மட்டும் பின்னாடி வலது டயரு ஃபெண்டர்ல (சக்கரத்துக்கு மேல இருக்கற பாடி தகடு) 'ஸ்ர்ர்ர்'னு உரசும், வலது பக்கம் திரும்பற ஹேர்பின்ல ஒரு சத்தமும் வராது. மொத்தம் 20 ஹேர்பின், அதுல பாதிக்கு இந்த ஸ்ர்ர்ர். பின்சீட்ல ரெண்டு பேரு, டிக்கில ரெண்டு பலாப்பழம், வண்டி என்னோட பழைய ஆல்ட்டோ, பின்னாடி உயரத்தை சுமார் 50 எம்எம் இறக்குனது. நான் என்ன நெனச்சேன்னா டயரு அகலம் ஜாஸ்தி போட்டுட்டோம்னு, அதனால டயரை மாத்தினேன், அப்பவும் உரசுச்சு, அப்புறம் ஃபெண்டர் உதட்டை உள்பக்கமா மடிச்சு விட்டேன், பெயின்ட்டு வெடிச்சு துரு புடிச்சதுதான் மிச்சம்.

கடைசில சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு ஷெட்ல வயசான மெக்கானிக் ஒருத்தரு, வண்டிய சுத்திக்கூட வரல, பின்னாடி நின்னு பாத்துட்டு "தம்பி, உன் வண்டி ஆக்ஸிலு ஒரு பக்கமா போய் உக்காந்திருக்கு, டயரை ஏன் திட்டற"ன்னாரு. டேப்பு வச்சு அளந்தா ஃபெண்டருக்கும் சக்கரத்துக்கும் இடது பக்கம் இடைவெளி 31 எம்எம், வலது பக்கம் 22. அன்னிக்குத்தான் எனக்கு பேனார்டு ராடுன்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது, ஆக்ஸிலு பக்கவாட்டுல அலையாம பாடியோட புடிச்சு வைக்கற கம்பி அது. நம்மூரு ஸ்பேர்ஸ் கடைல 'லேட்டரல் ராடு'ன்னு கேட்டாத்தான் எடுத்துக் குடுப்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான். பேனார்டுங்கறது பழைய பிரெஞ்சு கார் கம்பெனி பேரு, அவங்க வண்டில வந்த ஐடியாங்கறதால அந்தப் பேரு நின்னுபோச்சு.

மொதல்ல உங்க வண்டில அது இருக்கான்னு பாருங்க, ஏன்னா இது இல்லாத வண்டிக்கு ராடு தேடி அலைஞ்சவங்களை நான் பாத்திருக்கேன். ஸ்விஃப்ட், ஐ10, ஐ20, போலோ இதெல்லாம் பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பக்க சக்கரத்தையும் சேத்து, தானே முறுக்கிக்கற குறுக்குச் சட்டம்), இதுல பேனார்டு ராடே கிடையாது. அம்பாசடர், பத்மினி, பொலேரோ, ஜிப்ஸி இதெல்லாம் பின்னாடி பட்டை ஸ்பிரிங்கு, அந்த பட்டையே ஆக்ஸிலை பக்கவாட்டுல புடிச்சுக்கும். ராடு இருக்கறது பின்னாடி ஒத்தை ஆக்ஸிலும் காயில் ஸ்பிரிங்கும் இருக்கற வண்டிலதான்: 2000ல வந்த ஆல்ட்டோ, அதுக்கப்புறம் 2012ல வந்த ஆல்ட்டோ 800, பழைய வேகன் ஆர், இன்னோவா (ஹைகிராஸ் இல்ல), ஃபார்ச்சூனர், ஜிம்னி (ஜிம்னில முன்னாடியும் ஒண்ணு பின்னாடியும் ஒண்ணு). 2019ல வந்த வேகன் ஆர்ல பின்னாடி டார்ஷன் பீமா மாத்திட்டாங்க, அதனால 'வேகன் ஆர்'னு பேரை மட்டும் வச்சு எதையும் வாங்கிராதீங்க. ஸ்கார்பியோ என்ல வாட்ஸ் லிங்க்கேஜ்னு வேற ஏற்பாடு, அதுக்கு இந்தக் கதை பொருந்தாது.

சரி ஏன் ஆக்ஸிலு ஒரு பக்கமா போகுது? ராடோட ஒரு முனை பாடில, இன்னொரு முனை ஆக்ஸில்ல. ஆக்ஸிலு மேல கீழ ஆடறப்ப அந்த முனை நேர்கோட்டுல போகாது, பாடில இருக்கற முனைய மையமா வச்சு வட்டத்துல போகும், கதவு கீல்ல திரும்பற மாதிரி. ராடு படுக்கையா இருக்கறப்ப பக்கவாட்டுல அதோட நீளம் முழுசா இருக்கும், சாய்ஞ்சிருந்தா கொஞ்சம் குறையும். கம்பெனி உயரத்துல ராடு பாடி பக்கம் மேலயும் ஆக்ஸிலு பக்கம் கீழயும் சாய்ஞ்சிருந்துச்சுன்னா, வண்டிய இறக்குனதும் அது படுக்கையாகும், ஆக்ஸிலு பாடி முனைய விட்டு வெளில தள்ளப்படும்.

கணக்குக்கு ராடு 850 எம்எம்னு வச்சுக்கங்க, ரெண்டு முனைக்கும் உயர வித்தியாசம் முன்ன 100 எம்எம், இறக்குனதுக்கப்புறம் 50. பள்ளிக்கூடத்துல படிச்ச பித்தாகரஸ்தான், போட்டுப் பாத்தீங்கன்னா பக்கவாட்டு நீளம் 844.1ல இருந்து 848.5க்கு போகும், அதாவது ஆக்ஸிலு நாலரை எம்எம் நகரும். நாலரை தானேன்னு தோணும், ஆனா ஒரு பக்கம் நாலரை குறைஞ்சு இன்னொரு பக்கம் நாலரை கூடும், அப்ப ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் ஒம்போது. என் வண்டில வந்த 31க்கும் 22க்கும் இடையில இருந்தது அதேதான். இந்த ரெண்டு மடங்கு விஷயத்தை மறந்துட்டு 'ஒம்போது எம்எம் தள்ளியிருக்கு, ஒம்போது எம்எம் ராடை குறைக்கறேன்'னு குறைச்சா அடுத்த பக்கம் உரசும், நான் மொத தடவை அப்படித்தான் பண்ணேன்.

இதுல இன்னொரு வேடிக்கை. அதே ராடு 50 எம்எம் மேல் சாய்வுல ஆரம்பிச்சு, வண்டிய 100 எம்எம் இறக்கி 50 எம்எம் கீழ் சாய்வுக்கு போயிருச்சுன்னா நகர்வே பூஜ்யம்தான், போன வழியே திரும்பி வந்திருக்கும். அதனால 'இவ்வளவு இறக்குனா இவ்வளவு தள்ளும்'னு யாராவது பொத்தாம்பொதுவா அடிச்சுச் சொன்னா நம்பாதீங்க, உங்க வண்டில ராடு எந்தச் சாய்வுல ஆரம்பிச்சு எந்தச் சாய்வுல முடியுதுங்கறதுதான் கணக்கு.

அதனால பைசா செலவு பண்றதுக்கு முன்னாடி அளங்க. சமமான தரை வேணும், வீட்டு வாசல் சாய்வா இருக்கும், அது ஆகாது, ரசமட்டம் வச்சு பாத்த சிமெண்ட் தரையா இருந்தா நல்லது. நாலு டயர்லயும் காத்து சரியா இருக்கணும், பெட்ரோலு பாதி டேங்க், டிக்கி காலி. வண்டிய பத்தடி முன்னாடியும் பின்னாடியும் தள்ளிட்டு, பின்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விடுங்க, அப்பத்தான் சஸ்பென்ஷன் தன் இடத்துக்கு வந்து உக்காரும். ஜாக்கில தூக்கி இறக்குன கையோட அளந்தா எல்லாம் பொய்க்கணக்கு. அப்புறம் ஃபெண்டர் உதட்டுல இருந்து கொத்தனாரு தூக்கு குண்டு ஒண்ணைத் தொங்க விட்டு, நூலுக்கும் ரிம்மு விளிம்புக்கும் இடைவெளிய ரெண்டு பக்கமும் எடுங்க.

ஆனா பழைய வண்டின்னா ஃபெண்டரை முழுசா நம்பக்கூடாது, எப்பவோ ஒரு பக்கம் அடிபட்டு டிங்கரிங் பண்ணியிருப்பாங்க, பட்டி போட்டு மழமழன்னு இருக்கும், நமக்குத் தெரியாது. அதனால கீழ படுத்து சேஸிஸ் பக்கத்துல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற ஓட்டை, இல்ல ட்ரெய்லிங் ஆர்ம் (ஆக்ஸிலு முன்ன பின்ன போகாம புடிச்சுக்கற கை) பிராக்கெட்டு, அதுல இருந்து டயரோட உள்பக்க சுவர் வரைக்கும் ஒரு அளவு எடுங்க. ரெண்டு அளவும் ஒரே கதைய சொன்னா ஆக்ஸிலு நகர்ந்திருக்கு, வேற வேற கதை சொன்னா பாடிதான் கோணல், அதுக்கு ராடு மருந்து இல்ல.

வித்தியாசம் அஞ்சு ஆறு எம்எம்க்குள்ள இருந்து, டயரும் உரசலைன்னா, என்னோட அபிப்பிராயம் விட்டுருங்க. கம்பெனில இருந்து வர்ற புது வண்டிலயே ரெண்டு மூணு எம்எம் இருக்கும். 25, 30 எம்எம் இறக்குன வண்டிக்கு முக்காவாசி நேரம் இந்த ராடு தேவையே படாது, போட்டோவுல சிவப்பு கலர்ல பளபளன்னு தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

அதோட இன்னொரு செக்கு. பழைய ராடோட ரப்பர் புஷ்ஷு (முனைல இருக்கற கண்ணுக்குள்ள உக்காந்திருக்கற ரப்பர் குழாய்) கிழிஞ்சிருந்தாலும் இதே மாதிரி பின்பக்கம் அலையும், உரசும், டொக்குனு சத்தம் வரும். ஒருத்தரை பின்னாடி நின்னு வண்டிய பக்கவாட்டுல ஆட்டச் சொல்லிட்டு நீங்க கீழ குனிஞ்சு ராடோட ரெண்டு முனையும் பாருங்க, போல்ட்டு புஷ்ஷுக்குள்ள நகர்றது கண்ணுக்கே தெரிஞ்சா மொதல்ல புஷ்ஷை மாத்திட்டு மறுபடி அளங்க. புஷ்ஷு மாத்துனதுலயே பிரச்சனை தீர்ந்து போன வண்டிங்க நெறைய.

இப்ப அளந்தாச்சு, வேணும்னு முடிவாச்சு, எதைப் பாத்து வாங்கறது? எல்லாரும் பைப்பு எவ்வளவு மொத்தம், என்ன கலருன்னு பாப்பாங்க. நான் சொல்றது முனையப் பாருங்க. ராடு அப்படிங்கறது ஒரு கம்பி அவ்வளவுதான், வேலை எல்லாம் நடக்கறது ரெண்டு முனைலயும். ஆக்ஸிலு மேல கீழ போறது மட்டும் இல்ல, ஒரு சக்கரம் குழில இறங்கி இன்னொண்ணு மேட்டுல நிக்கறப்ப ஆக்ஸிலே சாயும், அதனால வர்ற முறுக்கலை முனைல இருக்கற புஷ்ஷு வாங்கிக்கணும்.

ரப்பர் புஷ்ஷு இதை அமைதியா வாங்கிக்கும், சத்தம் இல்ல, பராமரிப்பு இல்ல, ஆனா கொஞ்சம் கொழகொழன்னு இருக்கும், ஹேர்பின்ல வண்டி ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் திரும்பும். பாலியூரிதேன் புஷ்ஷு, அதான் மஞ்சளும் சிவப்புமா வர்றது, இதைவிட கெட்டி, பின்பக்கம் உடனே பேச்சு கேக்கும், ஆனா கிரீஸ் வைக்கலைன்னா எலி மாதிரி கீச்சு கீச்சுன்னு கத்தும், அதுவும் சிலிக்கான் கிரீஸ்தான் வைக்கணும், ஷெட்ல கைக்கு வர்ற கிரீஸை எல்லாம் அப்பக்கூடாது. ரொம்ப கெட்டியான பாலி ரெண்டு முனைலயும் இருந்தா அந்த முறுக்கலை வாங்கிக்காம பிராக்கெட்டு மேல போட்டுத் தள்ளும், பிராக்கெட்டு வெல்டிங்கு மெதுவா வெடிக்கும்.

மூணாவது ராடு எண்டு, ரோஸ் ஜாயின்ட்டுன்னும் சொல்வாங்க, குண்டு ஒண்ணு வளையத்துக்குள்ள சுத்தற மாதிரி. பந்தய வண்டிக்கு இதான் சரி, துளி கூட ஆட்டம் இல்ல. ஆனா நம்ம ரோடு என்ன? மழை பேஞ்சா அடிவாரத்துல செம்மண்ணு கரைஞ்சு ஓடும், மாக்னசைட்டு சுரங்கம் பக்கம் வெள்ளைப் புழுதி, இந்த ஜாயின்ட்டுக்கு பெருசா சீலு எதுவும் இல்ல, மண்ணு உள்ள போய் குண்டை அரைச்சுரும், அப்புறம் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் டக்கு டக்கு. டெய்லி ஓட்டற வண்டிக்கு ரெண்டு முனையும் ராடு எண்டு வச்சது வேண்டாம்னுதான் சொல்வேன். ஒரு முனை ரப்பரோ மிதமான பாலியோ, இன்னொரு முனை ராடு எண்டு, அதுக்கு ரப்பர் உறை போட்டது, இது நடுவுல நிக்கற நல்ல ஏற்பாடு, நான் போட்டிருக்கறதும் இதான். ராடு எண்டுல பளபளன்னு வெறும் இரும்பு மேல இரும்பு உரசறதை விட உள்ள டெஃப்லான் மாதிரி வெள்ளை லைனர் வச்சது சத்தமில்லாம ஓடும். இன்னொண்ணு, குண்டு ரெண்டு பக்கமும் கூம்பு மாதிரி ஸ்பேசர் இருக்கணும், இல்லைன்னா ஜாயின்ட்டு சாயறப்ப வளையம் பிராக்கெட்டுல இடிச்சு நிக்கும், அப்ப மொத்த வளைவும் மரைல விழும்.

மரைன்னதும் அடுத்த விஷயம். அட்ஜஸ்ட்டு எப்படி பண்றதுன்னு பாருங்க. ஒரு முனைல மட்டும் மரை இருந்தா நீளத்தை மாத்த ஒவ்வொரு தடவையும் அந்த முனை போல்ட்டைக் கழட்டணும். ஒரு முனைல வலது மரையும் இன்னொரு முனைல இடது மரையும் இருந்தா போல்ட்டைத் தொடாமலே நடு பைப்பை ஸ்பேனர்ல திருப்புனா போதும், கூடாரத்துக்கு கயிறு இறுக்கற டர்ன்பக்கிள் மாதிரி. ஒன்னரை எம்எம் பிட்ச்சு (மரைல ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி) மரைன்னா ஒரு சுத்துக்கு ரெண்டு முனையும் சேந்து மூணு எம்எம் நீளம் மாறும், ரெண்டு எம்எம் பிட்ச்சுன்னா நாலு. என் வண்டிக்கு நாலரை எம்எம் குறைக்கணும், ஒன்னரை சுத்து, முடிஞ்சுது. கழட்டாம பண்றதுல வசதி மட்டும் இல்ல, வண்டி தன் எடைல நிக்கறப்பவே அட்ஜஸ்ட் பண்ண முடியுது, இது முக்கியம், பின்னாடி சொல்றேன்.

உங்களுக்கு வேணும்ங்கற நீளத்துக்கு வச்சதுக்கு அப்புறமும் மரை உள்ள எவ்வளவு போயிருக்குன்னு பாக்கணும். மரையோட குறுக்களவுக்கு ஒன்றரை மடங்காவது உள்ள இருக்கணும்னு நான் வச்சுக்குவேன், எம் 16 மரைன்னா 24 எம்எம். சில ராடுல பைப்புல சின்ன ஓட்டை போட்டிருப்பாங்க, அதுல குச்சி விட்டா மரை தட்டுப்படணும், தட்டுப்படலைன்னா ரொம்ப வெளில வந்திருக்குன்னு அர்த்தம், அப்படி ஓட்டை வச்சு செய்யறவங்க யோசிச்சு செய்யறவங்க. ரெண்டு பக்கமும் செக் நட்டு, அதாவது மரை தானா சுத்தாம பூட்டற நட்டு, கண்டிப்பா இருக்கணும்.

வாங்கறப்ப ரெண்டு கண்ணுக்கும் நடுவு டு நடுவு அளவு, கண்ணு அகலம், போல்ட்டு சைஸ் இது மூணையும் உங்க பழைய ராடை கழட்டி வச்சு அளந்து ஒப்பிடுங்க. ஜப்பான்ல சின்ன சுசுகிங்களுக்கு இந்த ராடு விதவிதமா கிடைக்குது, நம்ம ஆன்லைன் கடைலயும் 'ஆல்ட்டோவுக்கு'ன்னு போட்டு வரும். எந்த வருஷத்து ஆல்ட்டோ, எந்த ஊரு ஆல்ட்டோன்னு போட்டோ சொல்லாது, அளவுதான் சொல்லும்.

பைப்பைப் பத்தி. வேகமா ஒரு வளைவுல திரும்பறப்ப இந்த ராடு மேல எவ்வளவு விழும்? நாலு பேரு உக்காந்த சின்ன கார்ல பின்னாடி 450 கிலோ விழுதுன்னு வச்சு, அதுல பத்துல ஏழு பங்கு பக்கவாட்டா தள்ளுதுன்னு வச்சா 300 கிலோ சொச்சம். குழில அடிச்சா அந்த நொடில இன்னும் ஜாஸ்தி. ஒரு பக்கம் திரும்பறப்ப ராடை இழுக்கும், இன்னொரு பக்கம் திரும்பறப்ப அமுக்கும். நேரா இருக்கற பைப்பு ரெண்டையும் தாங்கும். வளைச்ச பைப்பு இழுக்கறப்ப நேராகப் பாக்கும், அமுக்கறப்ப இன்னும் வளையப் பாக்கும், அதனால நேர் ராடு பத்துச்சுன்னா நேர் ராடுதான். சைலன்சரோ டேங்கோ டிஃப்ரென்ஷியலோ இடிக்கும்னா மட்டும் வளைச்சது, அதுவும் மொத்தமான சுவரோட. சீம்லெஸ், அதாவது நீளவாக்குல ஒட்டு இல்லாத பைப்பு நல்லது. அலுமினியம் ராடு எடை கம்மி, ஆனா சின்ன ரோட்டு வண்டிக்கு அந்த மிச்சமாகற எடை பலாப்பழம் சைஸ் கூட வராது.

இப்ப சேலத்துக்காரங்க எல்லாரும் கேக்கற கேள்வி: நம்மூருலயே ஸ்டீல் பிளாண்ட் இருக்கு, எவர்சில்வர்லயே ஒண்ணு செஞ்சு போட்டுக்கலாமே, துருவே புடிக்காதே? எனக்கும் அந்த ஆசை வந்துச்சு. பாத்திரக் கடைல கெடைக்கற அதே 304 வகை எவர்சில்வரு இந்த வேலைக்கு இரும்பை விட பலசாலி இல்ல, அதோட எவர்சில்வர் மரைக்குள்ள எவர்சில்வர் மரைய இறுக்குனா ஒண்ணோட ஒண்ணு கடிச்சுக்கும், அப்புறம் அட்ஜஸ்டபிள்னு பேரு மட்டும்தான், ஸ்பேனர் நீளமாகிட்டே போகும் ராடு நகராது. சாதா இரும்பு, நல்ல பவுடர் கோட்டிங்கு, மரை கடிச்சுக்காம இருக்க கொஞ்சம் ஆன்ட்டி சீஸ் பேஸ்ட்டு, போதும்.

லேத்துல செஞ்சுக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை. நம்மூருல லேத்துக்குப் பஞ்சமே இல்ல, கை சுத்தமான ஆளுங்க இருக்காங்க, மரை வெட்டுன புஷ்ஷை பைப்புக்குள்ள ஆழமா எறக்கி சுத்தியும் வெல்டு பண்ணி, அதுக்கு மேல ரெண்டு ஓட்டை போட்டு அந்த ஓட்டையையும் வெல்டால அடைச்சு குடுத்தா நல்லாவே நிக்கும். ஆனா பழைய ராடை நடுவுல வெட்டி, நடுவுல ஒரு போல்ட்டு வச்சு வெல்டு பண்ணி 'அட்ஜஸ்டபிள் ஆயிருச்சுங்க தம்பி'ன்னு குடுப்பாங்க பாருங்க, அது வேண்டாம். எனக்கு மொதல்ல ஒரு பட்டறைல அப்படித்தான் குடுத்தாங்க, ரெண்டு மாசத்துல வெல்டு ஓரமா முடி மாதிரி ஒரு கோடு, பெயின்ட்டு விரிசல்னு நெனச்சு தொடச்சுப் பாத்தேன், தொடைக்கத் தொடைக்கத் துரு வந்துச்சு. மலை ரோட்டுல அது விட்டிருந்தா ஆக்ஸிலு பக்கவாட்டுல ட்ரெய்லிங் ஆர்மு புஷ்ஷை மட்டும் நம்பி நின்னிருக்கும், அதை இப்ப நெனச்சாலும் கை வேர்க்கும்.

அடுத்தது பெரும்பாலும் யாரும் சொல்லாதது. நீளத்தை மாத்துனா ஆக்ஸிலு நடுவுக்கு வரும், அவ்வளவுதான், ராடோட சாய்வு மாறாது. சாய்வு ஏன் முக்கியம்னா, சாய்ஞ்ச ராடு பக்கவாட்டுல மட்டும் தள்ளாது, கொஞ்சம் மேலயும் கீழயும் தள்ளும். 850ல 50 எம்எம் சாய்வுன்னா, அந்த 300 கிலோல 18 கிலோ போல பாடிய ஒரு பக்கம் திரும்பறப்ப தூக்கும், மறுபக்கம் திரும்பறப்ப கீழ இழுக்கும். 100 எம்எம் சாய்வுன்னா 35 கிலோ. மலை ரோட்டுல இடது ஒண்ணு வலது ஒண்ணுன்னு மாறி மாறி திரும்பறப்ப வண்டி ஒரு பக்கம் நல்லா, ஒரு பக்கம் நொண்டற மாதிரி தெரியறது இதனாலயும்தான். ரொம்ப இறக்குன வண்டில ராடு எதிர்ப்பக்கம் நல்லா சாய்ஞ்சிருந்துச்சுன்னா, பாடி முனையவோ ஆக்ஸில் முனையவோ நகர்த்தற பிராக்கெட்டு வேணும், நிக்கற உயரத்துல ராடு ஏறக்குறைய படுக்கையா வர்ற மாதிரி. இந்த பிராக்கெட்டுதான் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும், ஒத்தைத் தகடுல செஞ்சது வளைஞ்சுரும், ரெண்டு பக்கமும் தகடு வச்சு பின்னாடி முட்டு குடுத்திருக்கணும். என்னோட 50 எம்எம்க்கு பிராக்கெட்டு தேவைப்படல, ராடு கிட்டத்தட்ட படுக்கைலயே வந்து நின்னுருச்சு.

போல்ட்டு தலைல 8.8 இல்ல 10.9னு போட்டிருக்கணும், எண்ணு இல்லாத போல்ட்டு பந்தல் கட்டறதுக்கு. மரை இல்லாத வழவழன்னு இருக்கற பாகம்தான் பிராக்கெட்டு தகடுல உக்காரணும், மரை தகட்டை அறுக்கற மாதிரி நீளம் முச்சூடும் மரை போட்ட போல்ட்டு ஆகாது.

மாட்டறப்ப ஒரே ஒரு விஷயத்துல அவசரப்படாதீங்க. வண்டி தொங்கிட்டிருக்கறப்ப போல்ட்டை முழுசா இறுக்கக்கூடாது. ரப்பர் புஷ்ஷுல நடு குழாய் போல்ட்டோட இறுகிக்கும், வெளி வளையம் ராடோட திரும்பும், நடுவுல இருக்கற ரப்பர்தான் முறுக்கிக்கணும். தொங்கறப்ப இறுக்கிட்டு இறக்குனா ரப்பர் எப்பவும் முறுக்கியே நிக்கும், சீக்கிரம் கிழியும், வண்டி உயரமும் ஒரு பக்கம் மாறித் தெரியும். அதனால போல்ட்டை கையால மாட்டி, வண்டிய சக்கரத்து மேல நிறுத்தி, ஆட்டி அமுக்கி உக்கார வச்சு, பிட்டுக்குள்ள எறங்கி அப்புறம் இறுக்குங்க. பிட்டு இல்லைன்னா சக்கரத்தோட ஏத்தி நிறுத்தற ராம்ப்பு இருக்கற ஷெட்டுக்கு போங்க. எவ்வளவு இறுக்கணும்ங்கறது உங்க வண்டி சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், டார்க் ரெஞ்சு வச்சு இறுக்குங்க. ஜாக்கிய மட்டும் நம்பி கீழ படுக்காதீங்க, ஸ்டாண்டு வைங்க.

பழைய ராடை கழட்டறதுக்கு முன்னாடி புது ராடை அதே நீளத்துக்கு வச்சுக்கங்க, போல்ட்டு ஓட்டை சுலபமா சேரும். மாட்டுன பிறகு பாதி வித்தியாசத்தை சரி பண்ணுங்க (ரெண்டு மடங்கு கணக்கு, மறந்துராதீங்க), பத்தடி தள்ளி ஆட்டி மறுபடி அளங்க. ரெண்டு பக்கமும் ரெண்டு எம்எம்க்குள்ள வந்தா நிறுத்திக்கங்க, அதுக்கு மேல தேடறது டேப்போட சண்டை. செக் நட்டு இறுக்கறப்ப ராடு எண்டு கோணலா திரும்பிக்காம பாத்துக்கங்க, குண்டுக்கு ரெண்டு பக்கமும் சாய இடம் சமமா இருக்கணும். அப்புறம் பின்சீட்ல ரெண்டு பேரை உக்கார வச்சு, ராடு எங்கயாச்சும் டேங்கு, சைலன்சரு, ஸ்பேர் வீலு தொட்டில இடிக்குதான்னு விரலை விட்டுப் பாருங்க, இறக்குன வண்டில மேல இருக்கற இடம் ஏற்கனவே கம்மி.

அளவு சரி ஆனதும் வீல் அலைன்மென்ட்டுக்கு போங்க, நாலு சக்கரமும் பாக்கற இடமா, பின் ஆக்ஸிலு வண்டிக்கு நேரா நிக்குதான்னு அதுல தெரியும்.

சட்டத்தையும் சொல்லிர்றேன், 1988ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. வண்டிய இறக்கறதே அந்தக் கேள்விக்குள்ள வர்றதுதான், ராடு நல்லதுக்குன்னு நாம சொன்னாலும் எஃப்சி அன்னிக்கு கேள்வி வரலாம். கழட்டுன பழைய ராடை எடைக்குப் போட்டுறாம பரண்ல வைங்க.

ஓட்டிப் பாக்கறதுக்கு நேரா மலை ஏறிராதீங்க. நான் மொதல்ல அஞ்சு ரோடு ரெண்டடுக்கு பாலத்துல ரெண்டு தடவை போய் வந்தேன், காலைல அஞ்சரைக்கு, கண்ணாடிய இறக்கி விட்டு, பாட்டை நிறுத்திட்டு. பாலத்து ஜாயின்ட்டு ஒவ்வொண்ணுலயும் பின்னாடி டக்குனு தனியா ஒரு சத்தம் வந்தா முனைல எங்கயோ ஆட்டம் இருக்கு. சத்தம் இல்ல. வர்ற வழில தட்டுவடை செட்டு சாப்பிட்டிருக்கலாம், அந்த நேரத்துக்கு யாரும் கடை தொறக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமை கோடை விழா கூட்டம் எல்லாம் முடிஞ்ச அப்புறமா பின்சீட்ல அதே ரெண்டு பேரை ஏத்திட்டு ஏற்காடு போய் இறங்குனேன், இடது ஹேர்பின், வலது ஹேர்பின், ரெண்டும் ஒரே மாதிரி.

ஒரு வேலை பாக்கி இருக்கு. ரெண்டு செக் நட்டுலயும், போல்ட்டு தலைலயும், நட்டுல இருந்து ராடு வரைக்கும் குறுக்க வெள்ளை பெயின்ட்டுல ஒரு கோடு இழுத்து விடுங்க, நகப்பூச்சு கூட போதும். மொத மலைப் பயணம் முடிஞ்சு அடிவாரத்துல வண்டிய ஓரம் கட்டிட்டு கீழ டார்ச் அடிச்சுப் பாருங்க, கோடு உடையாம நேரா இருந்தா நட்டு நகரல. எனக்கு ஒரு நட்டுல கோடு நெல்லு அகலம் விலகியிருந்துச்சு, அங்கயே ஸ்பேனர் எடுத்து இறுக்கிட்டு கோட்டை மறுபடி போட்டேன், 500 கிலோமீட்டர் கழிச்சு பாத்தப்ப அது அப்படியே இருந்துச்சு.